பைண்டிங்கில் விடுபட்ட வாரங்கள்

அன்புள்ள ஐயா,

ஐந்தாம் வகுப்பில் அம்புலிமாமாவில் தொடங்கினேன். விக்கிரமன் கதைக்காகவே மாதம் பிறக்கக் காத்திருப்பேன். பிறகு பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் மாத நாவல்கள், ஒன்று விடாமல். கல்லூரியில் நண்பர் ஒருவர் "இதெல்லாம் வாசிப்பா?" என்று சிரித்துவிட்டு, படிக்க வேண்டிய நாவல்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். நாலைத் தாண்டவில்லை. இப்போது வயது 41. பத்துப் பக்கம் போவதற்குள் கை போனைத் தேடுகிறது. வாசிப்பு ருசி வற்றிவிட்டதா?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

வற்றவில்லை. நண்பர் பட்டியல் கொடுத்ததில் தப்பில்லை; கூடவே சிரித்தாரே, அதுதான் தப்பு.

என் அத்தை வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்தார். அன்றைக்குப் பல வீடுகளில் இருந்த பழக்கம். கதையோடு துணுக்கு, பற்பொடி விளம்பரம் எல்லாம் சேர்ந்தே வரும். சிக்கல் என்னவென்றால், அத்தை ஊருக்குப் போன வாரங்கள் மட்டும் அதில் இருக்காது. கதாநாயகி கோபித்துக்கொண்டு ரயிலேறுவாள். பக்கத்தைத் திருப்பினால் மாமியார் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள். நடுவில் என்ன ஆயிற்று? அத்தைக்கே ஞாபகம் இல்லை. சரி என்று பின்னால் போய், ரயிலேறும் முன் அவள் என்ன பேசினாள், எதைச் சொல்லாமல் விட்டாள் என்று பார்ப்பேன். அதுவரை 'அப்புறம் என்ன' என்றே ஓடிய கண் முதன்முதலாக நின்றது அங்கேதான்.

மாத நாவல் உங்களுக்கு ஓடக் கற்றுக்கொடுத்திருக்கிறது. லேசான விஷயமில்லை அது. பட்டியலில் இருந்தவையோ நம்மை நிற்கச் சொல்பவை. ஒரு மழையை மூன்று பக்கம் எழுதியிருப்பார்கள். பழைய வேகத்தில் போனால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நமக்குத்தான் புத்தி போதவில்லை என்று மூடிவிடுவோம். ஆனால் நிற்பது உங்களுக்குப் புதிதல்ல. வேதாளம் கேள்வி கேட்டதும், விக்கிரமன் பதிலைப் படிக்காமல் நீங்களே யோசித்துப் பார்த்திருப்பீர்களே?

நானும் மூடியவன்தான். வேலை, கல்யாணம் என்று ஆறேழு வருடம் செய்தித்தாள் தவிர எதையும் தொடவில்லை. மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ விட்டுப்போன சிறுகதைத் தொகுப்பு கிடைத்தது. அட்டை போய்விட்டிருந்தது, எழுதியவர் பெயரும் தெரியாது. விடிவதற்குள் இரண்டு கதை படித்தேன். இரண்டே இரண்டு.

நீங்களும் சிறுகதையில் தொடங்குங்கள். நாளுக்கு ஒன்று போதும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். புத்தகம் வாங்க அவசரப்படாதீர்கள். காசு கொடுத்து வாங்கியதைப் பாதியில் விட மனசு வராது, முடிக்கவும் முடியாது, அலமாரியிலிருந்து முறைத்துக்கொண்டே இருக்கும். கிளை நூலகத்துக்குப் போங்கள். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள். ஆக, அந்தப் புத்தகங்களுக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று. பிடிக்காவிட்டால் பத்தாம் பக்கத்திலேயே மூடித் திருப்பிக் கொடுக்கலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை.

நடுவில் மாத நாவல் படிக்கத் தோன்றினால் தாராளமாகப் படியுங்கள். போன வாரம் உங்கள் ஊர் வழியாக ரயிலில் போகும்போது நானும் ஒன்று படித்தேன். கொலைகாரன் யாரென்று கொடைரோடு வரும்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் மதுரையில் இறங்குவதற்குள் முடித்துவிட்டேன்.