ராத்திரி வந்த அப்டேட், காலையில் மை ஏற்காத பிரிண்டர்

கேள்வி: பதினாறு மாதத்துக்கு முன்னால் ஒரு இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கினேன். ஒரு வருட வாரண்டி முடிந்துவிட்டது. முதல் செட் தீர்ந்ததிலிருந்து வேறு கம்பெனி தயாரித்த கார்ட்ரிட்ஜ்தான் போடுகிறேன், ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. போன மாதம் ஒரு நாள் காலையில் 'இந்தக் கார்ட்ரிட்ஜை ஏற்க முடியாது' என்று திரையில் வந்து நின்றுவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் அதே கார்ட்ரிட்ஜில் இருபது பக்கம் அச்சடித்தேன். இப்போது ஸ்கேன்கூட ஆகவில்லை. கேட்டால், 'அப்டேட் ஆகியிருக்கிறது, நிபந்தனைகளை நீங்கள்தான் ஒப்புக்கொண்டீர்கள், போலி கார்ட்ரிட்ஜ் போட்டவருக்கு எந்த உதவியும் கிடையாது' என்கிறார்கள். என் தம்பி கதை வேறு. அவன் மாதாமாதம் பணம் கட்டும் மைத் திட்டத்தில் சேர்ந்தான், வேண்டாம் என்று செயலியை அழித்தான், பணம் போய்க்கொண்டே இருந்தது. முறையாக ரத்து செய்ததும் பாதி மை இருந்த கார்ட்ரிட்ஜ் வேலை செய்யாமல் போய்விட்டது. எங்களுக்கு வழக்கு இருக்கிறதா?

பதில்: உங்களுக்கு இருக்கிறது. தம்பிக்கு ஓரளவுதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த 'போலி' என்ற சொல்லை ஒதுக்கி வையுங்கள். கம்பெனியின் பெயரையும் முத்திரையையும் திருட்டுத்தனமாக ஒட்டி விற்றால்தான் அது போலி. வேறொரு கம்பெனி தன் சொந்தப் பெயரில், உங்கள் பிரிண்டருக்குப் பொருந்தும் என்று சொல்லி விற்கும் கார்ட்ரிட்ஜ் போலி இல்லை. தீர்ந்துபோன அசலில் மறுபடி மை நிரப்பியதும் போலி இல்லை. வாடிக்கையாளர் சேவையில் பேசுகிறவர்கள் மூன்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவார்கள், நமக்கும் ஏதோ குற்றம் செய்துவிட்டது போல ஒரு கூச்சம் வந்துவிடும். அந்தக் கூச்சத்திலேயே பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள்.

இந்த விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. லெக்ஸ்மார்க் கம்பெனி டோனர் கார்ட்ரிட்ஜ்களைச் சுமார் 20 சதவீதத் தள்ளுபடியில் விற்றது, பதிலுக்கு 'ஒருமுறைதான் பயன்படுத்துவேன், காலியானதும் உங்களிடமே தருவேன்' என்று வாங்குகிறவரிடம் ஒப்பந்தம் வாங்கிக்கொண்டது. மறுபடி நிரப்பாமலிருக்க உள்ளே ஒரு சிப்பும் வைத்தது. இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சின்ன நிறுவனம் அந்தக் காலி கார்ட்ரிட்ஜ்களை வாங்கி, நிரப்பி விற்க, காப்புரிமையை மீறிவிட்டதாக வழக்கு. 2017 மே 30 அன்று வந்த தீர்ப்பு, பொருளை விற்ற அந்த நொடியே அதன் மீதான காப்புரிமை தீர்ந்துபோகிறது, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி என்றது. அதற்கு முன்பே, 2004இல், அதே லெக்ஸ்மார்க் சிப்பில் உள்ள நிரலுக்குப் பதிப்புரிமை கோரியபோது ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அழகாக ஒன்று சொன்னது: முன்வாசலில் பூட்டே இல்லாத வீட்டுக்குப் பின்வாசலில் பூட்டு போட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டேன் என்று சொல்ல முடியாது.

இதைப் படித்துவிட்டு உடனே நோட்டீஸ் எழுத உட்கார வேண்டாம். வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ் போடுவது சட்டவிரோதம் இல்லை என்பதுதான் இந்தத் தீர்ப்புகளால் நமக்குக் கிடைப்பது. பிரிண்டர் அதை ஏற்றே ஆக வேண்டும் என்று இவற்றில் எங்கும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் 'உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது' என்று மட்டும் எழுதினால், கம்பெனியின் வக்கீல் ஒரே பத்தியில் பதில் சொல்லிவிடுவார்.

உங்கள் வழக்கு நிற்கப்போவது நுகர்வோர் சட்டத்தில், அதுவும் ஒரே ஒரு கேள்வியில்: வாங்கும்போது இதை உங்களிடம் சொன்னார்களா? இந்த மாதிரி சிப் உள்ள கார்ட்ரிட்ஜ்தான் எடுக்கும், அப்டேட் மூலம் இந்தக் கட்டுப்பாடு அவ்வப்போது புதுப்பிக்கப்படும் என்று பெட்டியின் மேலோ விற்பனைப் பக்கத்திலோ கண்ணில் படும்படி போட்டிருந்தால் உங்கள் வாதம் பாதியாகக் குறைந்துவிடும். இப்போது சில கம்பெனிகள் போடுகிறார்கள். சும்மா போடவில்லை, பட்டுத்தான் போடுகிறார்கள். 2016 செப்டம்பர் 13 அன்று ஹெச்பி பிரிண்டர்கள் பல திடீரென்று வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜ்களை மறுக்க ஆரம்பித்தன. கூச்சல் கிளம்பி, அதே மாதக் கடைசியில் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, தடையை நீக்கும் ஃபர்ம்வேரை, அதாவது பிரிண்டருக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளை, தருவதாகச் சொன்னது. அமெரிக்காவில் தொடுத்த கூட்டு வழக்கு 15 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசம்பரில் 1 கோடி யூரோ அபராதம் போட்டது, அதில் இரண்டு குற்றச்சாட்டு: கட்டுப்பாட்டைத் தெளிவாகச் சொல்லவில்லை என்பது ஒன்று, எந்தக் கார்ட்ரிட்ஜ் போடுகிறார்கள் என்ற தகவலைச் சொல்லாமல் சேகரித்து அதை வைத்துச் சேவையை மறுத்தார்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். 'போலி போட்டவருக்கு உதவி கிடையாது' என்று உங்களிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதே வாசனைதான். உங்கள் பிரிண்டர் எந்தக் கம்பெனி என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வாதம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வாரண்டி முடிந்துவிட்டதே என்று பயப்படாதீர்கள். உருளை தேய்ந்துபோவது, மோட்டார் போவது, இதெல்லாம் பொருள் தானாகப் பழுதாவது. உங்களுடையது அப்படி இல்லை. சாயங்காலம் நன்றாக ஓடிய இயந்திரத்தை ராத்திரி தூரத்தில் இருந்துகொண்டு ஒருவர் மாற்றியிருக்கிறார். கெட்டுப்போன பிரிண்டர் என்று எழுதாதீர்கள், விற்றபின் மாற்றப்பட்ட பிரிண்டர் என்று எழுதுங்கள். புகார் தரும் கால வரம்பையும் வாங்கிய தேதியிலிருந்து எண்ணாமல் அந்த அப்டேட் தேதியிலிருந்து எண்ணும்படி வாதாட இதுதான் வழி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவராக இருந்தால் இன்னும் வசதி, அங்கே கம்பெனி வாரண்டி எவ்வளவு என்றாலும் விற்றவரின் சட்டப் பொறுப்பு குறைந்தது இரண்டு வருடம். அமெரிக்காவிலோ 1975ஆம் வருடத்து மேக்னசன்–மாஸ் சட்டப்படி, எங்கள் பிராண்ட் உதிரிதான் போட வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி இல்லை என்று பொதுவாக நிபந்தனை போடவே கூடாது. அந்தக் கார்ட்ரிட்ஜால்தான் இந்தப் பழுது வந்தது என்றால் அதைக் கம்பெனி காட்டட்டும்.

'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அமுக்கியது உண்மைதான். எல்லோரும் அமுக்குகிறோம், நான் உட்பட. அதை அமுக்காமல் வாங்கிய பிரிண்டரைத் தொடங்கவே முடியாது என்றால், காசு கொடுத்தபிறகு காட்டிய நிபந்தனை அது, பேரம் பேச இடமே இல்லாதது. ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் பல நாட்டு நுகர்வோர் சட்டங்களில் இருக்கிறது. அந்த நிபந்தனையிலும் பெரும்பாலும் 'பாதுகாப்புக்காகவும் மேம்பாட்டுக்காகவும் அப்டேட் அனுப்புவோம்' என்றுதான் இருக்கும். அப்படியானால் எழுத்தில் கேளுங்கள்: ஓடிக்கொண்டிருந்ததை ஓடாமல் செய்தது எந்த வகை மேம்பாடு? மை இல்லாமல் ஸ்கேன் செய்ய என்ன தடை? ஸ்கேன் நின்றதை விட்டுவிடாதீர்கள், அதற்கும் கார்ட்ரிட்ஜுக்கும் சம்பந்தமே இல்லை என்பது யாருக்கும் புரியும்.

சரி, இப்போது சாட்சியம். இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கோபத்தில் கார்ட்ரிட்ஜைக் கழற்றித் தூக்கி எறிந்துவிட்டு வந்து உட்காருவார்கள். எறியாதீர்கள். அதன் பக்கவாட்டில் நகத்தின் அகலத்துக்குத் தங்க நிறக் கோடுகளோடு ஒரு சின்னத் தகடு இருக்கும், அதுதான் சிப். அதையும், தயாரித்த கம்பெனியின் பெயர் தெரியும்படி மறுபக்கத்தையும் படம் எடுங்கள். திரையில் வரும் பிழைச் செய்தியை வார்த்தை படிக்கும்படி எடுங்கள். அப்புறம் ஃபர்ம்வேர் பதிப்பு எண். பிரிண்டர் மெனுவில் நிலை அறிக்கையை அச்சடித்தால் பதிப்பு எண், தொடர் எண், இதுவரை அடித்த பக்கங்கள் எல்லாம் வரும், ஆனால் உங்களுடையதுதான் அச்சடிக்காதே! அதனால் அதே வைஃபையில் இருக்கும் கணினி உலாவியில் பிரிண்டரின் ஐபி முகவரியை, அதாவது உங்கள் வைஃபையில் அதற்குரிய எண்ணை, தட்டுங்கள். பெரும்பாலான பிரிண்டர்கள் உள்ளேயே ஒரு சின்ன இணையப் பக்கம் வைத்திருக்கும், அதில் இந்த விவரங்களும் சிலவற்றில் நிகழ்வுப் பதிவும் இருக்கும். தேதி தெரிய முழுத் திரையையும் படம் எடுத்துவிடுங்கள். முந்தின நாள் அடித்த இருபது பக்கத்தில் ஒன்றிரண்டு தேதியோடு கிடைத்தால் பத்திரமாக வையுங்கள். நீங்கள் வாங்கிய காலத்தில் விற்பனைப் பக்கம் எப்படி இருந்தது என்பதை இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் தேடுங்கள், இப்போதுள்ள பக்கத்தை நம்ப வேண்டாம், எச்சரிக்கை வாசகத்தைப் பின்னால் சேர்த்திருக்கலாம். போனில் பேசியதை எல்லாம் அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி, 'இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்' என்று அவர்களுக்கே அனுப்பிவிடுங்கள். மறுக்காவிட்டால் அதுவும் உங்களுக்கு உதவும்.

இதெல்லாம் எடுத்து முடிக்கும்வரை அடுத்த அப்டேட் வந்துவிடாமல் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். நிரந்தரமாக நிறுத்தச் சொல்லவில்லை, பிரிண்டரும் இணையத்தில் இருக்கும் ஒரு கணினிதான், பாதுகாப்பு ஓட்டைகள் அதற்கும் உண்டு. அப்டேட் போடாமல் விட்டதால் வந்த கேட்டுக்கு விற்றவர் பொறுப்பில்லை என்று கைகழுவவும் வாய்ப்பு இருக்கிறது.

பிரிண்டரைத் தயாரித்தவருக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பாதீர்கள். காசு வாங்கியவர் விற்றவர், ஒப்பந்தம் அவரோடு. இருவரையும் சேர்த்தே எழுதுங்கள். மூன்று கோரிக்கை போதும்: பழைய ஃபர்ம்வேரைத் திருப்பிப் போட்டுத் தர வேண்டும், முடியாவிட்டால் பயன்படுத்திய காலத்தைக் கழித்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும், வீணான கார்ட்ரிட்ஜ்களின் ரசீதுத் தொகையைத் தர வேண்டும். மன உளைச்சல் என்று பெரிய தொகை எழுதி வைக்காதீர்கள், வழக்கே அதனால் இளைத்துப்போகும். பதில் வராவிட்டால் நுகர்வோர் மன்றமோ சிறு உரிமை வழக்கு மன்றமோ, உங்கள் ஊரில் எது உண்டோ அது. வக்கீலாக இருந்துகொண்டு இதைச் சொல்லக் கூடாதுதான், ஆனால் இந்த அளவு வழக்குக்கு வக்கீல் வைத்தால் அவர் ஃபீஸில் இரண்டு பிரிண்டர் வாங்கிவிடலாம். நீங்களே போய் நில்லுங்கள்.

இப்போது தம்பி. அவர் வாங்கியது மை இல்லை. இந்தத் திட்டங்களில் பணம் கட்டுவது மாதத்துக்கு இத்தனை பக்கம் அடிக்கும் உரிமைக்கு. கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் கம்பெனியின் சொத்தாகவே இருக்கும், சந்தா முடிந்தால் இணையம் வழியாக நிறுத்திவிடுவார்கள். பாதி மை மிச்சம் இருப்பது பார்க்க எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் வாடகை வண்டியில் மிச்சமுள்ள பெட்ரோலைக் கேட்பது போல அந்த வாதம் நிற்காது. சேரும்போது இதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று காட்ட முடிந்தால் மட்டும் பேசலாம். செயலியை அழித்தால் சந்தா ரத்தாகாது என்பதும் அவருக்கு எதிரான விஷயம்தான், எந்தச் செயலிக்கும் அப்படித்தான், கணக்கில் நுழைந்து ரத்து செய்ய வேண்டும்.

ஆனால் ரத்து செய்யும் வழி எங்கே இருந்தது என்று அவரிடம் கேளுங்கள். சேர ஒரே தட்டு, வெளியேற ஐந்து திரையும் ஒரு போன் அழைப்பும் என்றிருந்தால், அந்த இடைப்பட்ட மாதங்களின் பணத்தைக் கேட்கலாம். இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று வெளியான வழிகாட்டுதல்கள் பதிமூன்று வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடை செய்கின்றன, அதில் 'சந்தாப் பொறி' ஒன்று. அவர் சேர்ந்த பக்கம், ரத்து செய்த பக்கம், வங்கிக் கணக்கில் பணம் போன தேதிகள், இவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கியில் கொடுத்த தானியங்கிப் பற்று அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடச் சொல்லுங்கள், ரத்து செய்த மின்னஞ்சல் வந்த பிறகும் ஒரு மாதம் பணம் போயிருந்தால் அந்த ஒரு மாதத்துக்கு வாதமே வேண்டாம், நேராகக் கேட்டு வாங்கலாம்.