இருட்டு ஒழுங்கைக்கு வெளிச்சம் கேட்க

கேள்வி: இரவில் எங்கள் ஒழுங்கையால் பெண்கள் நடக்கவே பயப்படுகிறார்கள். மாநகர சபையிடம் எப்படிக் கேட்பது?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: ஆறேழு பெண்களாக இரவு 7 மணிக்குப் பின் நடந்து பாருங்கள். கடை வேலை முடிந்து வருபவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், கைக்குழந்தையுள்ள தாய் மூவரும் கட்டாயம் வேண்டும். ஒவ்வொருவருக்கும் பயம் வரும் இடம் வேறு. பிள்ளைகளைப் பார்க்க ஒருவரை முறைவைத்து நிறுத்தாவிட்டால் தாய்மார் வரமாட்டார்கள்.

வெறுமனே ‘இருட்டு’ என்று எழுதிய மனு கிடப்பில்தான் கிடக்கும். எரியாத கம்பத்தின் இலக்கத்தை, அது இல்லையென்றால் எதிர்வீட்டு இலக்கத்தை எழுதுங்கள். மரக்கிளை மறைக்கும் விளக்கைத் தனியாகக் குறியுங்கள். அதற்குப் பல்ப் மாற்றிப் பயனில்லை, கிளை வெட்ட வேண்டும். மனுவைச் சபையில் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையா? மனு என்ன ஆயிற்று என்ற தகவலைக் கேட்டு, 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சபை சொல்லியாக வேண்டும்.