காகித பலூன் ஏன் எழவில்லை? சேரின் பதில்கள்

ஹட்டன் மாணவர்: சேர், அரை மீட்டர் விட்டத்தில் பலூன் ஒட்டினோம். சூடான காற்றை நிரப்பியும் தரையை விட்டு எழவில்லை. பசையின் பிழையா?

பசை பாவம், தம்பி. பிழை அளவில். சதுர மீட்டருக்கு 20 கிராம் நிறையுள்ள டிஷ்யூ தாள் என்றால் உங்கள் பலூனுக்குத் தாளே 16 கிராம். உள்ளே காற்று 100 பாகை செல்சியஸ் சூடாக இருந்தாலும், அது தூக்குவது ஏறக்குறைய 14 கிராம்தான். விட்டத்தை 1 மீட்டராக்குங்கள்: தாள் 63 கிராம், தூக்குவிசையோ 110 கிராமுக்கு மேல். விட்டம் இரட்டித்தால் தாள் நான்கு மடங்கு, காற்று எட்டு மடங்கு. ஆனால் வீட்டு அடுப்பில் 100 பாகையை எட்டுவது கடினம். 70 பாகைதான் கிடைக்கும் என்று வைத்து 1.2 மீட்டருக்கே வெட்டுங்கள்.

நுவரெலியா வாசகர்: ஐயா, எங்கள் ஊர் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு. கொழும்பில் எழும் பலூன் இங்கே எழுமா?

எழும். கொழும்பை விட இங்கே காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவுதான். ஆனால் உங்கள் குளிர் அந்த நட்டத்தை ஈடுகட்டிவிடுகிறது. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாடே பலூனைத் தூக்குகிறது. 8 பாகைக் குளிருள்ள விடியற்காலையில் கொழும்பையே முந்தலாம். அந்த வேளையில் பெரும்பாலும் காற்றும் அடங்கியிருக்கும்.

தலவாக்கலை மாணவி: பலூனாகச் சேர்த்து ஒட்டும் தாள் இதழ்களை எப்படி வெட்டுவது, சேர்?

1 மீட்டர் விட்டத்துக்கு எட்டு இதழ், மகள். நீளம் 157 சென்ரிமீட்டர். நடுவில் அகலம் 39, நடுவுக்கும் நுனிக்கும் இடைப்பட்ட இடத்தில் 28. ஒட்டுவதற்கு ஓரத்தில் 1 சென்ரிமீட்டர் கூட விடுங்கள். எட்டுத் தாளையும் அடுக்கி ஒரே வெட்டாக வெட்டினால்தான் ஓரங்கள் பொருந்தும். கோதுமை மாப் பசையை விரல் நுனியால் மெல்லியதாக இழுத்தால் போதும். வழிய வழியப் பூசினால் காய்ந்த பின்னும் அந்த எடை பலூனிலேயே இருக்கும். வெசாக் கூடு ஒட்டிப் பழகிய கைக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பலூனின் அடிவாயில் மெல்லிய கம்பி வளையம் வையுங்கள், பலூன் கவிழாது. பின்னர் இருட்டறையில் உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள்: ஓட்டை எல்லாம் நட்சத்திரமாகத் தெரியும்.

பண்டாரவளை வாசகர்: கீழே மெழுகுதிரி கட்டி அனுப்பலாமா?

கூடாது. வறண்ட மாதங்களில் காய்ந்த மானாப்புல்லில் அது விழுந்தால் மலையே பற்றும். நெருப்பு தரையிலேயே இருக்கட்டும். அடுப்பின் மேல் ஒரு மீட்டர் தகரக் குழாயை நிறுத்தி, அதன் வாயிலிருந்து வரும் சூட்டை மட்டும் நிரப்புங்கள்; பெரியவர் ஒருவரும் ஒரு வாளி தண்ணீரும் பக்கத்தில் வேண்டும். பலூனில் நூலைக் கட்டியே விடுங்கள். சூடு ஆறியதும் தானாக இறங்கிவிடும்.

ஹப்புத்தளை மாணவர்: மூடுபனியில் விடலாமா?

தாள் ஈரத்தை உறிஞ்சிக் கனக்கும், பசையும் இளகும். பனி விலகும்வரை பலூனை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள், தம்பி.