ஒழுங்கையில் வெள்ளம்: சபையில் போய்க் கேட்கலாமா?

தம்பி, கிளிநொச்சியில் உங்கள் ஒழுங்கை மதகு அடைபட்டு வெள்ளம் நிற்கிறது, பிரதேச சபை அமர்வில் போய்க் கேட்கலாமா என்கிறீர்கள். போகலாம், ஆனால் பார்வையாளராக இருக்கத்தான் முடியும். பேசுவதென்றால் வட்டார உறுப்பினர்தான் எழும்ப வேண்டும். அவரை முதலே பிடியுங்கள்.

அதற்கும் முதல், வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ9 போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தர வீதிகள் மாகாணத் திணைக்களத்துக்கு. உள் ஒழுங்கைகள்தான் பெரும்பாலும் பிரதேச சபைக்கு. இது தெரியாமல் போனால் ஆளையாள் கைகாட்டி அலைய விடுவார்கள்.

சரி, கடிதம் சபைத் தவிசாளருக்கு, அதன் பிரதி ஒன்று செயலாளருக்கு. மதகின் படத்தையும் சேருங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வர வேண்டாம். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கடிதத்துக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள். தகவல் தருவார்களா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். கடிதத்தை மாரிக்கு முன் கொடுத்துவிடுங்கள்.