68010 பொருத்திய பின் நிரல் நின்றுபோவது பற்றி

வணக்கம். அமிகா 500 கணினியில் 68000 செயலிச் சில்லைக் கழற்றி, அதே வரிசையில் அடுத்து வந்த 68010-ஐப் பொருத்திய பிறகு, தாங்கள் எழுதிய இயந்திரமொழி நிரல் மட்டும் 8 என்ற பிழை எண்ணுடன் நின்றுவிடுவதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். சில்லைச் சந்தேகிக்க வேண்டாம். தாங்கள் காட்டியிருக்கும் 'மூவ் எஸ்ஆர், டி0' என்ற வரியே காரணம். செயலியின் நிலையைக் குறித்துவைக்கும் நிலைப் பதிவகத்தை (எஸ்ஆர்) படிக்கும் அக்கட்டளையை 68000 எந்த நிரலுக்கும் அனுமதித்தது. 68010-இலோ அது மேற்பார்வை நிலைக்கு, அதாவது இயக்க முறைமைக்கான உயர் உரிமை நிலைக்கு, மட்டுமே உரியது, 8 என்பதும் அந்தச் சிறப்புரிமை மீறலின் எண்தான். அப்பதிவகத்தின் நிபந்தனைக் குறிகளை மட்டும் படிக்கும் 'மூவ் சிசிஆர், டி0' என்று மாற்றினால் பழைய 68000 அதனை அறியாது என்பதால், இரண்டிலும் இயங்கும்படி அக்குறிகளைப் படித்துத் தரும், அமிகா இயக்க முறைமையின் எக்செக் நூலகத்திலுள்ள 'கெட்சிசி' என்ற செயற்கூற்றை அழைப்பதே நல்லது. விதிவிலக்குக் கையாளி (பிழையோ குறுக்கீடோ நேரும்போது இயங்கும் நிரல்பகுதி) ஏதேனும் சொந்தமாக எழுதியிருந்தால் அதையும் பாருங்கள்: குறுக்கீடு வரும்போது 68000, திரும்பிவரத் தேவையான விவரங்களாக, அடுக்கு (ஸ்டாக்) நினைவகத்தில் 6 பைட்டுகளை வைக்கும், 68010 வைப்பது 8.