லிங்க்ட்இன் பரிந்துரை: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக மெர்ச்சண்டைசராக (ஆர்டரை முதலிலிருந்து சரக்கு போகும் வரை பையரோடு பேசி நடத்துபவராக) இருக்கிறேன். அதற்கு முன் கரூரில் இரண்டு ஆண்டுகள் ஹோம் டெக்ஸ்டைல் கம்பெனியில் வேலை பார்த்தேன். பெங்களூரில் உள்ள பையிங் ஆபீஸ்களில் (வெளிநாட்டு பிராண்டுகளுக்காக ஆடை வாங்கித் தரும் அலுவலகங்களில்) வேலை தேட நினைக்கிறேன். என் லிங்க்ட்இன் பக்கத்தைப் பார்த்த தோழி, பரிந்துரைகள் எதுவும் உருப்படியாக இல்லை என்றாள். உடன் வேலை செய்யும் நான்கு பேர் எழுதித் தந்தார்கள். நான்கிலும் 'கடின உழைப்பாளி, பழக இனிமையானவர்' என்பதுதான் இருக்கிறது. எங்கள் முதலாளிக்கு லிங்க்ட்இன் கணக்கே கிடையாது. நான் வேறு வேலை தேடுவது இப்போதைக்கு அவருக்குத் தெரியவும் கூடாது. என்ன செய்யலாம்?
வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

எழுதித் தந்த நால்வர் மீதும் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்ன எழுதுவதென்று தெரியாமலும், மாட்டேன் என்று சொல்ல மனம் வராமலும், எல்லோரும் எழுதுவதையே அவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் 'கடின உழைப்பாளி' என்பது எந்த வேலைக்கும் எந்த மனிதருக்கும் பொருந்திவிடுகிற சொல். ஆள் எடுப்பவர் அதைப் படித்து முடித்த பிறகும் உங்களைப் பற்றி அவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

உங்கள் தொழிலிலேயே பாருங்கள். இதுவரை பழகாத டையிங் யூனிட்டுக்குத் துணி அனுப்பும் முன், அங்கே ஏற்கெனவே துணி கொடுத்தவரிடம் நீங்கள் விசாரிப்பீர்கள். 'நல்ல மனிதரா' என்று கேட்க மாட்டீர்கள். 'ஷேட் சரியாகக் கொண்டு வருவாரா, ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் நிறம் மாறாதா, சொன்ன தேதிக்குத் துணி வந்து சேருமா' என்றுதான் கேட்பீர்கள். பெங்களூரில் உங்கள் பக்கத்தைத் திறந்து பார்ப்பவரும் இதே விசாரணையைத்தான் நடத்துகிறார். அவருக்கு வேண்டியது பாராட்டு அன்று. நீங்கள் வேலை செய்ததை அருகில் இருந்து பார்த்த ஒருவரின் சாட்சியம்.

எடுத்துக்காட்டுக்கு, உங்களோடு வேலை பார்த்த தர ஆய்வாளர் ஒருவர் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம் (ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்; காம்பாக்டிங் என்பது துணியை நெருக்கிச் செறிவாக்கும் வேலை): 'குழந்தைகள் ஆடைக்கான ஆர்டர் ஒன்றில், காம்பாக்டிங் முடிந்து வந்த துணி 180 ஜிஎஸ்எம் இருக்க வேண்டியது 165 மட்டுமே இருந்தது. கட்டிங்குக்குப் போவதற்கு முன்பே இவர் அதைக் கண்டுபிடித்து நிறுத்தினார். பையரிடம் மறைக்காமல் அன்றே தெரிவித்தார். துணியைத் திரும்பக் காம்பாக்டிங்குக்கு அனுப்பி, அதில் குறைந்த அளவுக்கு வேறு துணி ஏற்பாடு செய்து, ஏர் ஷிப்மென்ட்டுக்கு இடம் வைக்காமல் கப்பலிலேயே சரக்கை அனுப்பினார்.' இந்த நான்கு வரியில் உங்கள் கண் கூர்மையும் நேர்மையும், நெருக்கடியில் நீங்கள் நடந்துகொள்ளும் விதமும் தெரிந்துவிடுகின்றன. 'நேர்மையானவர்' என்று தனியே எழுத வேண்டிய தேவையே இல்லை.

அடுத்து, யாரிடம் கேட்பது என்பது. பலரும் இங்கேதான் பதவியைப் பார்த்து ஏமாறுகிறார்கள். உங்களை ஆண்டுக்கு இருமுறை மீட்டிங்கில் மட்டும் பார்த்த பொது மேலாளரின் பரிந்துரையைவிட, பிபி சாம்பிள் (உற்பத்தி தொடங்கும் முன் ஒப்புதலுக்குக் காட்டும் மாதிரி) முதல் இறுதி இன்ஸ்பெக்‌ஷன் வரை உங்களோடு நின்ற மூத்த மெர்ச்சண்டைசரின் பரிந்துரைக்கு மதிப்பு அதிகம். உங்களுக்கு மேலே இருந்தவர் ஒருவர், பையிங் ஆபீஸ் தரப்பில் இருந்து உங்களிடம் வேலை வாங்கியவர் ஒருவர், உங்களிடம் தொழில் பழகிய இளையவர் ஒருவர் என மூன்று பேர் அமைந்தால் போதும். பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது ஓரிரண்டு பரிந்துரைகள்தான் என்பதால், பத்துப் பேரைத் திரட்டுவதில் பெரிய பயன் இல்லை.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் ஆர்டர் கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களிடம், அதாவது நிட்டிங், டையிங், பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்து தருபவர்களிடம், தயவுசெய்து கேட்காதீர்கள். அடுத்த ஆர்டர் உங்கள் கையில் இருக்கும்போது அவர்களால் மறுக்க முடியாது. நீங்கள் கேட்டதைவிடக் கூடுதலாகப் புகழ்ந்தே எழுதுவார்கள். தொழில் தெரிந்தவர் அந்தப் பெயரையும் பொறுப்பையும் பார்த்தவுடனே, இது ஏன் எழுதப்பட்டது என்று புரிந்துகொள்வார். அவர்களைச் சங்கடத்தில் வைப்பதும் முறையாகாது.

கேட்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. லிங்க்ட்இன் தானாகவே போட்டுத் தரும் வேண்டுகோள் வரியை அப்படியே அனுப்பினால், வருகிற பதிலும் அப்படித்தான் இருக்கும். எழுதுபவருக்கு உங்கள் மேல் அன்பு இருக்கலாம். ஒன்பது ஆண்டுக்கு முந்தைய ஆர்டர் நினைவில் இருக்காது. அதை நினைவூட்டுவது உங்கள் பொறுப்பு. முதலில் போனிலோ வாட்ஸ்அப்பிலோ பேசிவிட்டு, அவர் சரி என்ற பிறகு லிங்க்ட்இன் வழியாக முறைப்படி அனுப்புங்கள். கரூரில் உங்களோடு இருந்த மூத்தவருக்கு இவ்வாறு எழுதலாம் (லேப் டிப் என்பது நிறத்துக்கு ஒப்புதல் வாங்க முதலில் சாயமேற்றிக் காட்டும் சிறு துணி மாதிரி):

'வணக்கம்ங்க அண்ணா. நல்லா இருக்கீங்களா? கரூர்ல நாம சேர்ந்து பார்த்த கிச்சன் டவல் ஆர்டர் ஞாபகம் இருக்குங்களா? ரெண்டு லேப் டிப் ரிஜெக்ட் ஆகி, நான் டையிங்லயே உக்காந்து மூணாவதுக்கு அப்ரூவல் வாங்கினேனுங்க. நீங்க கூட இருந்து பார்த்ததால உங்ககிட்ட கேக்கறேன். அதைப் பத்தி லிங்க்ட்இன்ல அஞ்சாறு வரி எழுதித் தர முடியுங்களா? இப்ப நேரம் இல்லைன்னா பரவாயில்லைங்க அண்ணா.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுப்பதற்கு ஒரு வழி வைத்துக் கேட்டால்தான், எழுதச் சம்மதிப்பவர் மனமார எழுதுவார்.

'நீயே எழுதி அனுப்பும்மா, நான் போட்டு விடுகிறேன்' என்று சிலர் சொல்வார்கள். இதற்கு உடனே இணங்காதீர்கள். மூன்று பேருக்கும் நீங்களே எழுதினால் மூன்றும் ஒரே குரலில் ஒலிக்கும். படிப்பவருக்கு அது தெரியாமல் போகாது. வாக்கியங்களுக்குப் பதில் விவரங்களைக் கொடுங்கள்: என்ன ஆர்டர், எங்கே சிக்கல், நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன ஆனது. ஆங்கிலம்தான் தடை என்றால், அவர் தமிழில் குரல் பதிவாகச் சொல்லட்டும்; அவர் சொன்னதை மட்டும் ஆங்கிலத்தில் ஆக்கி, அவருக்குப் படித்துக் காட்டி, அவர் திருத்தம் சொன்னால் திருத்தி, பிறகு அவர் கையாலேயே பதியச் சொல்லுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் இருக்கட்டும். பையரின் பிராண்ட் பெயர், பீஸ் விலை ஆகிய இரண்டும் மட்டும் வரக் கூடாது. 'ஐரோப்பிய குழந்தை ஆடை நிறுவனம்' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த விவரங்களை வெளியிடும் உரிமை உங்களுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லிங்க்ட்இன்னில் உங்களோடு நேரடித் தொடர்பில் இருப்பவர் மட்டுமே பரிந்துரை எழுத முடியும். கேட்கும்போது, அவருக்கும் உங்களுக்கும் இருந்த பணி உறவையும், அப்போது நீங்கள் வகித்த பொறுப்பையும் தேர்ந்தெடுக்க வேண்டும். உறவு பரிந்துரையோடு சேர்ந்தே தெரியும் என்பதால் தவறில்லாமல் குறியுங்கள். அவர் எழுதி அனுப்பியதும் அது உடனே வெளியே தெரிந்துவிடாது. நீங்கள் படித்து ஏற்றுக்கொண்ட பிறகே தெரியும். ஓர் எழுத்தைக்கூட உங்களால் மாற்ற முடியாது, ஆனால் தகவல் பிழை இருந்தால் திருத்தம் கேட்கலாம். வேண்டாதவற்றைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கவும் வழியுண்டு. ஏற்கெனவே உள்ள நான்கில் இரண்டை அப்படி வைத்துவிட்டு, மற்ற இருவரிடம் ஒரு சம்பவத்தை நினைவூட்டி, எழுதியதைத் திருத்தித் தர முடியுமா என்று கேளுங்கள். 2012-இல் வந்த, ஒரே சொடுக்கில் திறனை ஆமோதிக்கும் வசதியை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதை யாரும் யோசிக்காமல் அழுத்திவிடலாம் என்பதால் அதற்கு எடை குறைவு.

நீங்கள் வேலை தேடுவது வெளியே தெரியக் கூடாது என்ற கவலை நியாயமானது. திருப்பூரில் ஒரு செய்தி அவிநாசி ரோட்டைத் தாண்டுவதற்கு அரை நாள் பிடிக்காது. ஒவ்வொரு பரிந்துரையிலும் எழுதிய தேதி தெரியும். ஒரே வாரத்தில் நான்கைந்து சேர்ந்தால், கிளம்பத் தயாராகிவிட்டீர்கள் என்று பார்ப்பவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். ஆகவே கரூர்க்காரர்களிடம் முதலில் கேளுங்கள். பிறகு, இப்போதைய கம்பெனியிலிருந்து விலகிப் போனவர்களிடம் கேளுங்கள். இன்னும் உள்ளே இருப்பவர்களிடம், ஒரு சீசன் நல்லபடியாக முடிந்த கையோடு, அந்த வேலையைக் குறித்து இயல்பாகக் கேட்கலாம். நீங்களும் பிறருக்கு எழுதுங்கள். ஆனால் இன்று நீங்கள் அவருக்கு, நாளை அவர் உங்களுக்கு என்று பண்டமாற்றாகச் செய்தால் இரண்டுமே செல்லாக்காசாகிவிடும். உங்களிடம் பழகிய இளையவர் ஒருவருக்கு, அவர் கேட்காமலே, நீங்கள் கண்ணால் கண்ட ஒரு வேலையைப் பற்றி எழுதுவது நல்லது.

முதலாளி பெயரில் யாரையாவது கணக்குத் திறக்க வைக்கலாம் என்ற எண்ணம் வந்திருந்தால், அதை விட்டுவிடுங்கள். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து விலகும் நாளில், அனுபவச் சான்றிதழில் வழக்கமான வரிகளோடு, நீங்கள் முன்னின்று நடத்திய ஒரு ஆர்டரையோ ஒரு பையர் கணக்கையோ பற்றி இரண்டு வரி சேர்த்துத் தரும்படி அவரிடமே கேளுங்கள். பையர் பெயர் அதில் இருந்தால் பொதுவில் போட வேண்டாம்; இல்லாவிட்டால், கம்பெனி லெட்டர்ஹெட்டில் உள்ள அந்தச் சான்றிதழை அவரிடம் சொல்லிவிட்டு உங்கள் பக்கத்தில் படமாக இணைக்கலாம். அதுவரை, பெங்களூரில் இன்டர்வியூ நடக்கும்போது, ஆஃபர் கைக்கு வரும் முன் இப்போதைய நிறுவனத்தை அழைத்து விசாரிக்க வேண்டாம் என்று எச்.ஆரிடம் முதல் சுற்றிலேயே சொல்லி, கரூரில் உங்களுக்கு மேலே இருந்தவரின் எண்ணை, அவரிடம் அனுமதி கேட்டபின் கொடுங்கள்.