வாசகர் கேள்விகள்: ரஷ்யாவும் ஆர்மீனியாவும்

வாசகர், தஞ்சாவூர்: ரஷ்யா தலைமையிலான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பு தன்னைக் கைவிட்டதாகச் சொல்லும் ஆர்மீனியா, அதிலிருந்து ஏன் முழுதாக விலகவில்லை?

விலகுவதற்கான நடைமுறை எளிது. 6 மாதம் முன்கூட்டி அறிவித்தால் போதும். சிக்கல் எரிவாயுவிலும் சாலையிலும் இருக்கிறது. வீடுகளுக்குப் போகும் எரிவாயு பெரும்பாலும் ஜார்ஜியா வழியாக ரஷ்யாவிலிருந்து வருகிறது. அதை விநியோகிக்கும் நிறுவனம் முழுக்க ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமுடையது. ரயில் பாதைகளை 2008 முதல் ரஷ்ய ரயில்வே நடத்துகிறது. மெட்சமோர் அணுமின் நிலையத்தின் எரிபொருளும் ரஷ்யாவினுடையதே.

துருக்கி, அஜர்பைஜான் எல்லைகள் 30 ஆண்டுகளுக்கு மேலாக மூடிக் கிடக்கின்றன. மிச்சம் ஜார்ஜியாவும் ஈரானும்தான். ரஷ்யச் சந்தைக்குப் போகும் லாரிகள் ஜார்ஜியாவைக் கடந்து ரஷ்ய எல்லையின் மேல் லார்ஸ் சாவடியில் நிற்க வேண்டும். குளிர்காலத்தில் பனிச்சரிவால் அந்தச் சாலை மூடப்படும். மற்ற மாதங்களிலும் பழத்திலோ பூவிலோ பூச்சி என்று சொல்லிச் சரக்கை நிறுத்தினால், இழப்பு விவசாயிக்கு.

அதனால் ஆர்மீனியா ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறது. 2024 பிப்ரவரியில் கூட்டணியில் பங்கேற்பை நிறுத்தியதாக அறிவித்தது; அந்த ஆண்டுக்கான சந்தாவையும் கட்டவில்லை. 2024 ஜூலை இறுதியில் தலைநகர் யெரெவானின் ஸ்வார்ட்நோட்ஸ் விமான நிலையத்திலிருந்து ரஷ்ய எல்லைக் காவலர்கள் வெளியேறினார்கள். 2025 ஜனவரி 1 முதல் ஈரான் எல்லையின் அகராக் சாவடியும் ஆர்மீனியர் கையில். 2044 வரை ஒப்பந்தம் உள்ள, கியூம்ரி நகரின் ரஷ்யப் படைத்தளத்தை மட்டும் தொடவில்லை. இந்த வரிசை சரியானது என்றே கருதுகிறேன். தளத்தில் கைவைத்திருந்தால் எரிவாயு விலையில் பதில் வந்திருக்கும்.

வாசகர், திருநெல்வேலி: ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்றுதானே ஒப்பந்தம்?

ஆம், 4-வது பிரிவு அதுதான். ஆனால் உதவி தானாக வராது. உறுப்பு நாடுகள் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். ஆர்மீனியர்கள் வாழ்ந்த நாகோர்னோ-கராபாக் சர்வதேசச் சட்டப்படி அஜர்பைஜான் பகுதி என்பதால், அதற்காக அஜர்பைஜானுடன் நடந்த 2020 போரில் அந்தப் பிரிவு பொருந்தாது என்றார்கள். அதையாவது ஏற்கலாம். 2022 செப்டம்பரில் அஜர்பைஜானின் குண்டு விழுந்த ஜெர்முக், கோரிஸ் ஆகியவை ஆர்மீனியாவுக்குள்ளேயே இருக்கும் ஊர்கள்! எல்லை முறையாக வரையறுக்கப்படவில்லை என்ற காரணம் அப்போது பேசப்பட்டது. வந்தது உண்மை கண்டறியும் குழு மட்டும். அதே ஆண்டு ஜனவரியில் கஜகஸ்தானில் உள்நாட்டுக் கலவரம் என்றதும் இதே கூட்டணி உடனே படை அனுப்பியது. ஆர்மீனிய வீரர்களும் போனார்கள். இந்த வேறுபாடு அங்குள்ள மக்களை ஆழமாகக் காயப்படுத்தியதில் வியப்பில்லை.

வாசகர், ஈரோடு: ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்துகொண்டு, ரஷ்யாவோடு வணிக ஒன்றியத்திலும் இருக்க முடியுமா?

முடியாது. ரஷ்யாவும் ஆர்மீனியாவும் உள்ள யூரேசியப் பொருளாதார ஒன்றியம், ஐரோப்பிய ஒன்றியம் இரண்டுக்கும் தனித்தனிப் பொதுச் சுங்கவரி உண்டு; ஒரே நாடு இரண்டையும் வசூலிக்க வழியில்லை. 2025 மார்ச்சில் ஆர்மீனிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஐரோப்பாவை நோக்கிய விருப்பத்தைப் பதிவு செய்தது, அவ்வளவே.

வாசகர், சென்னை: இந்தியாவிடம் வாங்கும் ஆயுதங்கள் ரஷ்யாவின் இடத்தை நிரப்புமா?

ஓரளவுக்கு. எதிரி பீரங்கி இருக்கும் இடத்தைக் காட்டும் ஸ்வாதி ரேடாரும் பினாகா ராக்கெட்டும் பீரங்கிப் பிரிவின் குறையை ஈடுகட்டும். ஆனால் தரைவழியே வரும் கனரகத் தளவாடமும் உதிரிபாகமும் ஜார்ஜியாவோ ஈரானோ வழிவிட்டால்தான் உள்ளே வரும். எனவே ஆயுதப் பட்டியலைவிட, கியூம்ரியிலிருந்து துருக்கியின் கார்ஸுக்குப் போகும் பழைய ரயில் பாதை திறக்கிறதா என்று பாருங்கள். அது திறந்தால் மேல் லார்ஸில் காத்திருக்கும் லாரிகளுக்கு வேறு வழி கிடைக்கும்.